உறைபனி நாடுகளில் பூங்கிழங்குகளைக் காத்து வைத்தல்

டேலியா, கிளாடியோலஸ், கல்வாழை, சம்பங்கி, செங்காந்தள் போன்றவை மண்ணுக்கு அடியில் உணவைச் சேர்த்து வைத்து, ஆண்டுதோறும் அதிலிருந்து புதிதாக முளைத்துப் பூக்கும் செடிகள். வெப்ப நாடுகளில் இவற்றின் கிழங்கு மண்ணிலேயே கிடந்து அடுத்த பருவத்தில் தளிர்த்துவிடும். கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஸ்காண்டிநேவிய நாடுகள் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மண்ணே உறைந்துபோவதால் அப்படி விட முடியாது. இலையுதிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து, உறையாத ஓரிடத்தில் ஐந்தாறு மாதங்கள் வைத்திருந்து, வசந்தத்தில் மறுபடி நடுகிறார்கள். அந்த முறையையும் அதன் பின்னுள்ள தாவரவியலையும் இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் கனடாவின் தென் ஒன்டாரியோப் பகுதியைச் சார்ந்தவை. டொராண்டோவைச் சுற்றித் தமிழர் பலர் வாழும் அப்பகுதியில் கோடை நன்றாகச் சுடும். குளிர்காலம் எதையும் விட்டுவைக்காது.

அங்கே உறைபனி மண்ணுக்குள் ஏறக்குறைய 1.2 மீட்டர் வரை இறங்கக்கூடும் என்று கணக்கிட்டே வீடுகளுக்கு அடித்தளம் போடுகிறார்கள். டேலியாக் கிழங்கை நடுவதோ 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில். ஆகவே வெளியே விட்ட கிழங்கு உறைவது ஏறத்தாழ உறுதி. கிழங்கின் பெரும்பகுதி நீர். அது உறையும்போது பனிக்கட்டிப் படிகங்கள் செல் சவ்வுகளைச் சிதைக்கின்றன. உருகும்போது கிழங்கு நீர் கசியும் கூழாகிவிடுகிறது. உறைபெட்டியில் மறந்து வைத்த உருளைக்கிழங்கை வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான்.

குளிருக்கான உறக்கம், வறட்சிக்கான உறக்கம்

இதே ஒன்டாரியோ மண்ணில் டியூலிப், டாஃபடில் போன்றவை குளிர்காலம் முழுவதும் கிடந்து வசந்தத்தில் பூக்கின்றன. அவற்றுக்குக் குளிர் கெடுதல் செய்யாதது மட்டுமல்ல, குளிர் இல்லாவிட்டால் அவை ஒழுங்காகப் பூப்பதே இல்லை. டியூலிப் குமிழங்கள் பல வாரக் குளிரை அனுபவித்த பிறகே பூந்தண்டை நீட்டுகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது தன் இளவரசி ஜூலியானாவுக்கு அடைக்கலம் தந்ததற்கு நன்றியாக நெதர்லாந்து 1945இல் ஒட்டாவாவுக்கு 1,00,000 டியூலிப் குமிழங்களை அனுப்பியது. கனடாவுக்கு அனுப்ப அதைவிடப் பொருத்தமான செடி கிடைத்திருக்காது.

டேலியாவும் கிளாடியோலஸும் உறங்குவது வேறு காரணத்துக்காக. டேலியாவின் தாயகம் மெக்சிகோவின் மேட்டு நிலங்கள். அங்கே மழை கோடையில் பெய்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். அந்த வறட்சியைக் கடக்கவே செடி மேல்பகுதியைக் கைவிட்டு வேரில் ஒடுங்குகிறது. தோட்டக் கிளாடியோலஸின் முன்னோர் பல, தென்னாப்பிரிக்காவில் கோடை மழை பெறும் புல்வெளிகளைச் சேர்ந்தவை. அங்கும் குளிர்காலம் வறண்டது. இந்தச் செடிகளுக்கு உறங்கத் தெரியும், உறையத் தெரியாது. தோட்டக்காரர் அவற்றுக்குச் செய்து தருவதும் குளிர்காலம் அல்ல. பெட்டிக்குள் ஒரு வறண்ட பருவம்.

இதைப் புரிந்துகொண்டால், ஒவ்வொரு கிழங்குக்கும் ஏன் வேறு வெப்பநிலை சொல்லப்படுகிறது என்பதும் விளங்கும். மலைநாட்டுச் செடியான டேலியாவுக்கு 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். கிளாடியோலஸ் 2 முதல் 7 டிகிரியிலும் நலமாக இருக்கும். தாழ்நில வெப்பமண்டலத்துக் கலாடியத்தை அந்தக் குளிரில் வைத்தால் உறையாமலேயே அழுகிவிடும். அதற்குக் குறைந்தது 15 டிகிரி வேண்டும். தாயகத்து வறண்ட பருவம் எப்படியோ, பெட்டியும் அப்படி. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம். ஊட்டித் தோட்டங்களில் டேலியா செழிப்பது தற்செயல் அல்ல.

எதைக் கிழங்கு என்கிறோம்

பேச்சு வழக்கில் எல்லாமே கிழங்கு. கடைக்காரரிடம் எல்லாமே பல்பு. தாவரவியல் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. சம்பங்கி வெங்காயம் போன்ற குமிழம். கிளாடியோலஸ் கந்தம், அதாவது தடித்துத் திரண்ட தண்டின் அடிப்பகுதி. கல்வாழை இஞ்சியைப் போல மட்டநிலத்தண்டு. டேலியா உணவு சேர்த்துப் பருத்த வேர்.

தேர்வுக்காக மட்டும் படிக்கும் பிரிவினை அல்ல இது. அடுத்த ஆண்டுக்கான மொட்டு எங்கே இருக்கிறது என்பதை இதுதான் சொல்கிறது. உருளைக்கிழங்கு தண்டுக்கிழங்கு என்பதால் அதன் உடலெங்கும் கண்கள் உண்டு. எந்தத் துண்டில் கண் இருந்தாலும் முளைக்கும். டேலியாக் கிழங்கு வேர் என்பதால் அதன் உடலில் கண்ணே கிடையாது. கண்கள் பழைய தண்டும் கிழங்கும் சேரும் கழுத்துப் பகுதியில் மட்டும் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. டேலியாவை இழப்பவர்களில் பலர் அதைக் குளிரில் இழப்பதில்லை. தோண்டும்போதே கழுத்தை முறித்துவிடுகிறார்கள். அது தெரியவரும்போது மே மாதம் ஆகியிருக்கும்.

டேலியா

மாட்ரிட் அரச தாவரவியல் தோட்டத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த செடிகளை ஆய்ந்த அந்தோனியோ ஹோசே கவனில்லெஸ், 1791இல் இப்பேரினத்தை விவரித்து, ஆந்தர்ஸ் டால் என்ற சுவீடன் தாவரவியலாளரின் நினைவாகப் பெயரிட்டார். 1963இல் மெக்சிகோ டேலியாவைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இன்று ஆயிரக்கணக்கான தோட்ட வகைகள் உள்ளன. இவை விதையிலிருந்து தாயைப் போலவே வருவதில்லை. ஒரு வகை நீடிப்பதற்குக் கிழங்கோ தண்டுத் துண்டோதான் வழி. பிடித்த நிறத்தில் பூத்த செடியின் கிழங்கை ஒருவர் இழந்தால், அதே வகை வேறு யாரிடமாவது இருந்தாலன்றி அது திரும்பக் கிடைக்காது.

டேலியாவில் கிழங்கு திரளும் வேகத்தைப் பகலின் நீளம் கட்டுப்படுத்துகிறது. பகல் குறுகும்போது செடி தன் உணவைக் கீழே அனுப்பத் தொடங்குகிறது. எனவே செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் கிழங்கு முதிரும் காலம். அவசரப்பட்டுத் தோண்டக் கூடாது. தென் ஒன்டாரியோவில் பெரும்பாலும் அக்டோபரில் முதல் உறைபனி விழும். ஒரே இரவில் இலைகள் கறுத்துத் தொங்கும். புதிதாக வந்தவர்களுக்கு அது செடியின் சாவு போலத் தோன்றும். உண்மையில் மண்ணுக்குள் இன்னும் வெப்பம் இருக்கிறது. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுத்தபின் ஒரு வாரம் போல விட்டு எடுப்பவர்கள் உண்டு. அதற்குள் கழுத்தில் உள்ள கண்கள் சற்றுப் புடைத்துத் தெளிவாகத் தெரியும். மண் உறையும் வரை காத்திருக்கலாகாது என்பது மட்டுமே எல்லை.

தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டி, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி நான்கு புறமும் முட்கரண்டி வடிவ மண்வாரியை இறக்கி, கொத்தை மண்ணோடு மெல்லத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். பின் மண்ணை உதிர்ப்பதா, தண்ணீரில் கழுவுவதா என்பதில் தோட்டக்காரர்களுக்குள் ஓயாத விவாதம் உண்டு. களிமண் நிலமாக இருந்தால் கழுவுவதே நல்லது; ஒட்டிய களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலை வரவழைக்கும். மணல் கலந்த மண் என்றால் உதிர்த்தாலே போதும். எதைச் செய்தாலும், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் உலர்த்தி, வெட்டுக் காயங்கள் காய்ந்தபின்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

வகையின் பெயரை எழுதிக் கட்ட வேண்டிய நேரமும் இதுதான். பெட்டிக்குள் போனபின் எல்லா டேலியாவும் ஒரே முகம்.

கொத்தை இலையுதிர்காலத்திலேயே பிரிக்கலாம், வசந்தத்திலும் பிரிக்கலாம். இலையுதிர்காலத்தில் கிழங்கு மென்மையாக இருப்பதால் வெட்டுவது எளிது. ஆனால் கண்ணைக் கண்டுபிடிப்பது கடினம். வசந்தத்தில் கண்கள் முளைவிடத் தொடங்கியிருக்கும். கழுத்துப் பகுதி கட்டைபோல் இறுகியிருக்கும். முதல்முறை செய்பவர்கள் கொத்தைப் பிரிக்காமல் வைத்து வசந்தத்தில் வெட்டுவதே பாதுகாப்பு. பிரித்த ஒவ்வொரு துண்டிலும் கழுத்தும் ஒரு கண்ணாவதும் இருக்க வேண்டும்.

பெட்டியில் நிரப்பும் பொருளாக வெர்மிகுலைட், பீட், செல்லப்பிராணிகளின் படுக்கைக்கு விற்கும் மரச்சீவல் ஆகிய எதுவும் உதவும். அவற்றின் வேலை ஒன்றே: கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும், ஈரம் சட்டென்று போகவும் கூடாது, தேங்கவும் கூடாது. ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் அழுகும்.

எங்கே வைப்பது

கிழங்கைவிட இடம்தான் பெரும்பாலும் சிக்கல். சூடாக்கிய வீட்டுக்குள் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். காற்றின் ஈரப்பதமோ 30 சதவீதத்துக்கும் கீழே போவதுண்டு. அங்கே வைத்த கிழங்கு பிப்ரவரிக்குள் உலர்ந்த மிளகாய்போல் சுருங்கும், அல்லது இருட்டிலேயே வெளிறிய முளையை நீட்டிச் சேமிப்பைத் தீர்த்துவிடும். சூடாக்காத கார் கொட்டகையில் வைத்தால் சனவரியில் உறைந்துவிடும். ஒன்டாரியோவின் பழைய வீடுகள் பலவற்றில் முன்வாசல் திண்ணைக்கு அடியில் நிலவறையோடு சேர்ந்த ஒரு சிறு குளிர் அறை உண்டு. வேர்க்காய்கறிகளையும் ஊறுகாய்ப் புட்டிகளையும் வைக்கக் கட்டப்பட்ட அது, டேலியாவுக்கென்றே கட்டியதுபோல் அமைகிறது. அதுவும் கடுங்குளிரில் வெளிச்சுவர் ஓரம் உறைநிலைக்குப் போகக்கூடும் என்பதால், பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி உட்சுவரோரம் வைப்பது நலம். ஒரு மலிவான வெப்பமானியைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தால் ஊகம் தேவையில்லை.

அடுக்குமாடி வீடுகளில் இந்த வசதி இல்லை. பால்கனித் தொட்டியில் வளர்த்தவர்கள் கிழங்கைத் தோண்டாமலேயே, தண்டை வெட்டிவிட்டு, தண்ணீரை நிறுத்தித் தொட்டியோடு உள்ளே கொண்டுவந்து வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைக்கலாம். மண்ணே நிரப்புபொருளாகிவிடுகிறது. கொஞ்சம் கூடுதல் வெப்பம் கேட்கும் கலாடியம், செங்காந்தள் போன்றவற்றுக்கு டேலியாவைவிட இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும்.

கிளாடியோலஸ், கல்வாழை, சம்பங்கி

கிளாடியோலஸ் இவற்றில் மிக எளிது. தோண்டும்போது நட்ட கந்தம் சுருங்கிக் கீழே ஒட்டியிருக்கும். அதன் தலைமேல் புதிய கந்தம் உட்கார்ந்திருக்கும். ஆண்டுதோறும் பழையது செலவாகிப் புதியது உருவாவது இதன் இயல்பு. இரண்டு மூன்று வாரம் வெதுவெதுப்பான இடத்தில் உலர்த்தினால் பழையது தானாகக் கழன்றுவிடும். சுற்றியுள்ள பட்டாணி அளவுக் குட்டிக் கந்தங்களையும் வைத்துக்கொள்ளலாம். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வெங்காயப் பை போன்ற வலைப்பையில் நிரப்புபொருள் ஏதுமின்றித் தொங்கவிட வேண்டியதுதான். ஒரே எதிரி இலைப்பேன். அது கந்தத்தின் உறைக்குள் ஒளிந்து வீட்டுக்குள் வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். 2 முதல் 4 டிகிரியில் சில மாதங்கள் வைத்தால் பூச்சி மடியும், கந்தம் பிழைக்கும்.

கல்வாழை உண்மையில் உறங்கும் செடியே அல்ல. ஈரமான இடங்களில் வளர்ந்து பழகிய அதன் மட்டநிலத்தண்டுக்கு வறட்சி தாங்கும் பழக்கம் குறைவு. டேலியாவைப் போல உலர்த்தினால் காய்ந்துவிடும். சற்று ஈரமான பீட்டில் புதைத்து 7 முதல் 10 டிகிரியில் வைக்க வேண்டும். எடை மிகுந்த கொத்து என்பதால் இடம்தான் அதிகம் பிடிக்கும்.

சத்தியமங்கலத்துப் பூச்சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. குளிர்நாட்டில் இதைக் காத்து வைப்பது பற்றிச் சொல்லப்படும் அளவுக்குப் பலன் கிடைப்பதில்லை. ஒருமுறை பூத்த குமிழம் மறுபடி பூக்காது. அதன் பக்கக் குமிழங்கள் முதிர நீண்ட வெப்பகாலம் தேவை. ஒன்டாரியோவின் கோடை அதற்குப் போதாது. 15 டிகிரிக்கு அருகில் உலர வைத்துக் காக்கலாம்தான். ஆயினும் மணத்துக்காக வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் புதிய குமிழம் வாங்குவதே நடைமுறை.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் பட்டியலிலும் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூவரிசையில் முதலாவதாக நிற்கும் பூ, ஒன்டாரியோவில் டேலியாவுக்குப் பக்கத்துப் பெட்டியில் உறங்குகிறது.

தமிழ்நாட்டில் இது மழையோடு முளைத்து, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, தை மாசியில் காய்ந்து, கடும் கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும். கார்த்திகைப்பூ என்ற பெயரும் அதனால்தான். ஒன்டாரியோவில் எல்லாம் தலைகீழ்: கோடையில் பூக்கிறது, குளிர்காலத்தில் உறங்குகிறது. செடிக்குப் பங்குனியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. நீர் நின்றால் ஒடுங்குகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் வந்தால் எழுகிறது. ஆனால் அதன் வறண்ட பருவம் வெப்பமானது என்பதை மறக்கக் கூடாது. டேலியாவின் குளிர் அறை இதற்கு ஆகாது. 15 டிகிரியை ஒட்டிய இடமே பொருத்தம்.

கிழங்கு கலப்பைபோல் இரு கிளைகளாக வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கிளையின் நுனியில்தான் மொட்டு. அந்த நுனி மிக எளிதில் ஒடியும். ஒடிந்தால் அக்கிளை வீண். இலைகள் பழுத்துக் காய்ந்தபின் கையால் மண்ணை விலக்கி எடுத்து, உலர்ந்த பீட்டிலோ மணலிலோ படுக்கவைக்க வேண்டும். ஒன்டாரியோவில் இதன் பருவம் குறுகியது என்பதால் மார்ச் கடைசியிலேயே வீட்டுக்குள் தொட்டியில் முளைக்கவிட்டு, ஜூனில் வெளியே வைப்பார்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. செங்காந்தளின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்ச்சிசின் என்ற நச்சு இருக்கிறது. மூட்டுவாத மருந்துக்கும் தாவர இனப்பெருக்க ஆய்வுக்கும் பயன்படும் இப்பொருளுக்காகவே கரூர், திண்டுக்கல், திருப்பூர் பகுதிகளில் செங்காந்தள் பயிராகிறது. மருந்தாகும் அளவுக்கும் உயிர்போகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்துண்டு இறந்தவர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. உருளைக்கிழங்கும் சேம்பும் அடுக்கிய குளிர் அறையில், பெயரில்லாத காகிதப் பையில் இதை வைப்பது பெரும் தவறு. மூடியுள்ள தனிப் பெட்டி, அதன்மேல் வீட்டில் எல்லோருக்கும் புரியும் மொழியில் ‘நச்சு, உணவல்ல’ என்ற எழுத்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரம் என்ற மூன்றும் வேண்டும். கையுறை அணிந்து எடுப்பதும் நல்லது.

ஊரிலிருந்து கிழங்கைப் பயணப்பெட்டியில் கொண்டுவர நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தாவரங்கள் கனடாவுக்குள் வருவதைக் கனடிய உணவு ஆய்வு முகமை கட்டுப்படுத்துகிறது. மண் ஒட்டிய கிழங்கு அனுமதிக்கப்படாது. தாவர நலச் சான்றிதழ் இல்லாதவை பறிமுதலாகும். செங்காந்தள் கிழங்குகள் அங்குள்ள பூங்கிழங்கு வணிகர்களிடமே கிடைக்கின்றன.

குளிர்காலத்தின் நடுவில்

உறங்கும் கிழங்கும் மூச்சு விடுகிறது. மெதுவாக நீரை இழக்கிறது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். அழுத்தினால் அமுங்கும் பகுதி அழுகல். நல்ல சதை வரை வெட்டி எறிந்து, காயத்தை உலரவிட்டுத் திரும்ப வைக்கலாம். கிழங்கின் தோல் சுருக்கம் விழுந்திருந்தால் நிரப்புபொருளின்மேல் சிறிது நீர் தெளிக்க வேண்டும். பெட்டியின் மூடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் அதிகம்; சில நாள் திறந்து வைக்க வேண்டும். சற்றுச் சுருங்கிய கிழங்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அழுகிய கிழங்கு பிழைக்காது. ஆகவே சந்தேகம் வந்தால் உலர்ந்த பக்கம் சாய்வதே மேல். கல்வாழை மட்டும் இதற்கு விலக்கு.

ஏப்ரலில் கண்கள் தாமே புடைக்கத் தொடங்கும். அவசரமானவர்கள் அப்போதே தொட்டியில் நட்டு வெளிச்சத்தில் வைத்து முன்கூட்டியே பூக்கவைப்பர். நேரடியாகத் தோட்டத்தில் நடுவதானால், உறைபனி அபாயம் நீங்கி மண் 15 டிகிரியை ஒட்டி வர வேண்டும். ஒன்டாரியோவில் மே மாதக் கடைசியை ஒட்டி வரும் விக்டோரியா நாள் விடுமுறையைப் பலர் அதற்குக் குறியாகக் கொள்கிறார்கள். நட்டபின் முளை மண்ணுக்குமேல் தெரியும் வரை டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. வசந்த மண்ணிலேயே போதிய ஈரம் இருக்கும். இலையில்லாத கிழங்கால் அதற்குமேல் உறிஞ்ச முடியாது.